மடித்தால் டிக்கியில், விரித்தால் சாலையில்

சீன நாட்டின் பெரிய நகரங்களில் இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டல் வாசல்களில் ஒரு காட்சியைக் காணலாம். சிறு சக்கரங்கள் கொண்ட சைக்கிளில் ஒருவர் வந்து இறங்குவார். அந்தச் சைக்கிளை நடுவில் மடிப்பார். விருந்து முடிந்து வெளியே வரும் ஒருவருடைய காரின் டிக்கியில் அதை வைப்பார். கார்க்காரர் பின் இருக்கையில் சாய்ந்துகொள்ள, இவர் காரை ஓட்டிச் சென்று அவரை வீட்டில் சேர்ப்பார். பிறகு டிக்கியைத் திறந்து, சைக்கிளை விரித்து, மின்சாரத்தின் உதவியால் அடுத்த வாடிக்கையாளரைத் தேடிப் போய்விடுவார். குடித்துவிட்டுக் கார் ஓட்டுவதை அந்நாடு 2011ஆம் ஆண்டு மே மாதம் முதல் குற்றவியல் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அதன் பிறகு இந்தத் தொழில் பெருகிற்று. மடக்கு மின்சைக்கிள்தான் இத்தொழிலின் ஏர்.

நம் ஊரிலும் இவ்வகை ஓட்டுநர் உண்டு. 'ஆக்டிங் டிரைவர்' என்று அழைக்கிறோம். சொந்தக் கார் இல்லாமல், பிறர் காரை ஓட்டிக் கூலி பெறுபவர். ஆனால் காரை அதன் வீட்டில் விட்ட பிறகு அவர் எப்படித் தம் வீட்டுக்குத் திரும்புவார்? நள்ளிரவில் பேருந்து இல்லை. ஆட்டோவில் ஏறினால் வாங்கிய கூலியில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் அப்படி ஓர் இளைஞர் இருக்கிறார். சிங்காநல்லூரிலிருந்து சரவணம்பட்டி வரை கார் ஓட்டிப் போனால், திரும்பிவர ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஒருநாள் நான்கைந்து மடக்கு மின்சைக்கிள்களின் விளம்பரத் தாள்களை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏனுங்க சார், எல்லாத்துலயும் 60 கிலோமீட்டர் ஓடும்னு போட்டிருக்குதுங்க. வெலை மட்டும் ஒண்ணுக்கொண்ணு இருவதாயிரம் வித்தியாசமுங்க. எதை நம்பறதுங்க?" என்றார். அவர் மனைவியின் நகை அடகுக்குப் போக இருந்தது. எனவே இக்கேள்விக்கு விளையாட்டாக விடை சொல்ல முடியாது.

மாணவர்களே, இக்கேள்விக்கான விடையில் பெரும்பகுதி உங்கள் பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை தூரம் ஓடும்?

விளம்பரத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள். பாட்டரியின் மீது இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று வோல்ட், மற்றொன்று ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி என்றால் 270 வாட்-மணி. இதுவே பாட்டரியில் அடங்கிய ஆற்றல். ஒரு வாட்-மணி என்பது 3,600 ஜூல் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி, ஒரு கிலோமீட்டர் செல்ல எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ஓட்டுநர் 60 கிலோகிராம், சைக்கிள் 20 கிலோகிராம், ஆக 80 கிலோகிராம். சமதரைத் தார்ச்சாலையில் டயர் உருள்வதால் ஏற்படும் தடை, எடையில் நூறில் ஒரு பங்கு எனக் கொள்ளலாம். அது ஏறக்குறைய 8 நியூட்டன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஐந்தரை மீட்டரில், காற்றுத் தடை 11 நியூட்டன் அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்து 19 நியூட்டன். இவ்விசையை எதிர்த்து 1,000 மீட்டர் சென்றால் செய்த வேலை 19,000 ஜூல். வாட்-மணியில் சொன்னால் ஐந்தேகால்.

ஆனால் மோட்டாருக்குள் போகும் மின்னாற்றல் முழுவதும் சக்கரத்துக்கு வந்து சேர்வதில்லை. கால்பங்கு வெப்பமாகிவிடுகிறது எனக் கொண்டால், 7 வாட்-மணி தேவைப்படும். நகரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்ப வேண்டுமே? ஒவ்வொரு முறை நின்று மீண்டும் 20 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போதும் 80 கிலோகிராம் நிறைக்குக் கொடுக்கவேண்டிய இயக்க ஆற்றல் 1,200 ஜூலுக்கு மேல். பிரேக் பிடித்தவுடன் அது வீணாகிவிடும். கிலோமீட்டருக்கு நான்கு தடவை நின்றால் இன்னும் 2 வாட்-மணி கூடும். எதிர்காற்று, சிறு ஏற்றம் இவற்றுக்கும் கொஞ்சம் ஒதுக்கினால், கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி என்ற எளிய எண் கிடைக்கிறது.

ஆகவே வாட்-மணியைப் பத்தால் வகுத்தால் தூரம் வந்துவிடும். 270 வாட்-மணிப் பாட்டரி 27 கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் 60 கிலோமீட்டர் என்பது பொய்யா? முழுப் பொய் அல்ல. சமதரையில், மெல்லிய வேகத்தில், மோட்டாரின் உதவியை மிகக் குறைந்த நிலையில் வைத்து, பாதிக்கு மேற்பட்ட வேலையை ஓட்டுபவரின் கால்களே செய்தால் அத்தனை தூரம் போகலாம். நள்ளிரவில் மூன்று கார்களை ஓட்டிக் களைத்துவிட்ட ஒருவர் அவ்விதம் மிதிக்கப் போவதில்லை.

வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? உருளல் தடை அப்படியே இருக்கும். காற்றுத் தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 30 கிலோமீட்டரில் அது 25 நியூட்டன் ஆகிவிடுகிறது. மொத்தத் தடை 19-லிருந்து 33-க்கு ஏறுகிறது. அதே பாட்டரியில் போகும் தூரம் ஏறத்தாழ பாதிக்கு நெருங்கிவிடும். இந்தக் காரணத்தாலும், பாதுகாப்பாலும், சட்டத்தாலும் மின்சைக்கிளின் வேகத்துக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், பாட்டரி நீங்கலான எடை 60 கிலோகிராமுக்குள்ளும் இருந்து, உரிய சோதனை நிலையத்தின் ஒப்புதலும் பெற்றிருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவு எண் வேண்டியதில்லை; ஓட்டுநர் உரிமம் வேண்டியதில்லை. நல்ல பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒளி திருப்பிகளும் கட்டாயம் இருக்கவேண்டும். "500 வாட் மோட்டார், 40 கிலோமீட்டர் வேகம்" என்று சொல்லி விற்கப்படுவது சைக்கிள் என்ற சலுகைக்குள் வராது. கடைக்காரர் இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம்; நீங்கள் கேளுங்கள்.

250 வாட் போதுமா? சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு 19 நியூட்டன் விசையை ஐந்தரை மீட்டரால் பெருக்கினால் 105 வாட்தான். நூறு மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேம்பால ஏற்றத்தில் 39 நியூட்டன் கூடுதலாகச் சேரும். அங்கு வேகம் 15 கிலோமீட்டராகக் குறைந்தால் தேவை 220 வாட். ஆக, 250 வாட் மோட்டார் மேம்பாலத்தையும் ஏறிவிடும்.

சக்கரம் சிறுத்தால்

காருக்குள் அடங்க வேண்டுமானால் சக்கரம் சிறியதாக இருக்கவேண்டும். இதில் நன்மை ஒன்று, தீமை ஒன்று.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம் என்று ஒரு பகுதி உண்டல்லவா? சைக்கிள் கடையில் அதையே ஹப் என்பார்கள். மலிவு விலை மின்சைக்கிள்களில் மோட்டார் பெரும்பாலும் பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பொதிந்திருக்கும். இது புதிய கருத்து என்று எண்ணிவிடாதீர்கள். ஆக்டன் போல்ட்டன் என்ற அமெரிக்கர் 1895ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்றே பின் சக்கர ஹப்பில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதற்கேற்ற இலேசான பாட்டரிதான் அன்று இல்லை. அதற்காக உலகம் லித்தியம் அயனி மின்கலம் சந்தைக்கு வந்த 1991 வரை காத்திருந்தது. அந்த மின்கலத்தை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஹப் மோட்டார் கொடுப்பது திருப்புவிசை. அதைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் டயர் தரையைப் பின்னுக்குத் தள்ளும் விசை கிடைக்கும். 30 நியூட்டன்-மீட்டர் தரும் மோட்டார், சாதாரண சைக்கிளின் 33 செ.மீ. ஆரச் சக்கரத்தில் 91 நியூட்டன் தரும். 20 அங்குலச் சக்கரத்தின் ஆரம் 25 செ.மீ.; அதில் 120 நியூட்டன். 16 அங்குலச் சக்கரத்தில் 150 நியூட்டன். பார்த்தீர்களா? அதே மோட்டார், சிறு சக்கரத்தில் மேட்டை எளிதாக ஏறுகிறது.

இனித் தீமையைப் பார்ப்போம். மேசைமீது ஓர் அளவுகோலைத் தட்டையாக வையுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை அதன்மேல் மெல்ல உருட்டி ஏற்றப் பாருங்கள். பிறகு ஒரு வட்டத் தட்டை உருட்டுங்கள். நாணயம் முட்டி நிற்கும், தட்டு ஏறிவிடும். சாலையில் 5 செ.மீ. உயரமுள்ள ஒரு விளிம்பில் முட்டிய சக்கரத்தை மெதுவாக மேலே ஏற்ற, அச்சில் எவ்வளவு கிடைவிசை வேண்டும் என்று கணக்கிடலாம். 33 செ.மீ. ஆரமானால் சக்கரத்தின் மீதுள்ள சுமையில் 0.62 பங்கு. 25 செ.மீ. ஆரமானால் 0.75 பங்கு. 20 செ.மீ. ஆரமானால் 0.88 பங்கு. நம் ஊர்ச் சாலைகளை அறிந்தவர்களுக்கு இந்த எண்களின் பொருள் மணிக்கட்டில் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. சக்கரம் சிறியதானால் ஒரு சுற்றுக்குப் போகும் தூரமும் குறைவு. முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 16 என்றால், பெடலை ஒரு முறை சுற்றும்போது பெரிய சைக்கிள் 5.7 மீட்டர் போகும். 20 அங்குலச் சைக்கிள் 4.3 மீட்டர்தான் போகும். நடுவழியில் பாட்டரி தீர்ந்துவிட்டால் கால்கள் படபடவென்று சுழலவேண்டும். ஆகையால் கடையில் மின்சாரத்தை அணைத்துவிட்டு ஒரு சுற்று மிதித்துப் பாருங்கள். சில மோட்டார்களில் உள்ளே பற்சக்கரமும், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஃப்ரீவீலும் உண்டு. அவை தடையின்றிச் சுழலும். பற்சக்கரம் இல்லாத வகையில், மின்சாரத்தை அணைத்த பின்னும் காந்தங்கள் கம்பிச்சுருளைக் கடந்து சுற்றிக்கொண்டே இருக்கும். மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். லென்ஸ் விதி அங்கே உங்கள் காலைப் பிடித்து இழுக்கும்!

மடிப்பு என்னும் மூட்டு

மடக்கு சைக்கிளின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாரசூட் வீரர்கள் மடக்கு சைக்கிளோடு குதித்தனர். 1970களின் நடுவில் இலண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி என்ற பொறியாளர், தம் ஜன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே தம் சைக்கிளுக்குச் சூட்டினார். அமெரிக்காவில் லேசர் ஆராய்ச்சி செய்துவந்த டேவிட் ஹான் என்ற இயற்பியலாளர், 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மடக்கு சைக்கிளின் பக்கம் திரும்பி, 1982இல் டேஹான் நிறுவனத்தைத் தொடங்கினார். லேசரை விட்டுச் சைக்கிளுக்கு வந்த இயற்பியலாளர் என்பதால் எனக்கு அவர்மீது தனி மரியாதை.

சட்டத்தின் நடுவில் ஒரு கீல், அதைப் பூட்ட ஒரு கொக்கி. இந்த இடத்தில்தான் மலிவுச் சரக்கின் குணம் தெரியும். சக்கர அச்சுகளுக்கு இடையே 1 மீட்டர் தூரம், நடுவில் 600 நியூட்டன் சுமை என எளிமையாகக் கொள்வோம். நடுவில் வளைவுத் திருப்பம் 150 நியூட்டன்-மீட்டர். மூட்டின் உயரம் 5 செ.மீ. என்றால், மேலே அமுக்கமும் கீழே இழுவிசையும் 3,000 நியூட்டன் வரும். அதாவது 300 கிலோகிராம் எடை தொங்குவதற்குச் சமம்! குழியில் விழும்போது இது இன்னும் பல மடங்காகும். ஆதலால் வாங்குமுன் இருக்கையை ஒரு கையாலும் ஹாண்டில் பாரை மறு கையாலும் பிடித்து முறுக்குங்கள். மூட்டில் சிறு 'ஆட்டம்' தெரிந்தாலும் அந்தச் சைக்கிள் வேண்டாம். கொக்கிக்கு இரண்டாவது காவல் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்ணமும் மின்விளக்கும் எப்படி இருந்தால் என்ன?

பாட்டரி மலிவாகக் கிடைத்தால்

காரீய-அமிலப் பாட்டரி வைத்த வண்டி விலை குறைவாக இருக்கும். வீட்டு யூ.பி.எஸ். கருவியில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிப் பாட்டரியைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல். 36 வோல்ட்டுக்கு மூன்று வேண்டும். ஏழு கிலோ ஆகிவிடும். அதே ஆற்றல் லித்தியம் வகையில் இரண்டு கிலோதான். சாலையில் ஓட்டுவதற்கு இந்த ஐந்து கிலோ பெரிதல்ல. டிக்கிக்குள் தூக்கி வைக்கும்போதுதான் இடுப்பு அதைச் சொல்லும்.

லித்தியத்தில் வேறு அபாயம். 36 வோல்ட் பாட்டரியில் 3.6 வோல்ட் மின்கலங்கள் பத்து வரிசையாக நிற்கின்றன. ஒன்று மட்டும் அளவுக்கு மீறி மின்னேற்றம் பெற்றாலோ, உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ சூடேறித் தீப்பற்றும். பக்கத்துக் கலத்தையும் பற்றவைக்கும். ஒவ்வொரு கலத்தின் அழுத்தத்தையும் கண்காணித்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் காவல் சுற்று உள்ளே இருக்கவேண்டும். பெயரில்லாத மலிவுப் பாட்டரிகளில் முதலில் கைவைக்கப்படுவது இதில்தான். நியூயார்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பாட்டரித் தீவிபத்துகளில் 18 பேர் இறந்தனர். உணவு கொண்டுசெல்லும் ஏழைத் தொழிலாளர்களின் மின்சைக்கிள்கள் நிறைந்த நகரம் அது. அவ்வாண்டு செப்டம்பர் முதல், தரச்சான்று இல்லாத மின்சைக்கிளையும் பாட்டரியையும் அங்கு விற்கக்கூடாது என்று சட்டம் வந்தது. எனவே பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் பாட்டரியிலும் சார்ஜரிலும் பிடிக்கவேண்டாம். தயாரிப்பாளர் பெயரும் தரப் பதிவு எண்ணும் இல்லாத பாட்டரியை, பாதி விலைக்குத் தந்தாலும் தொடாதீர்கள். வேறு வண்டியின் சார்ஜரை அதில் செருகுவதும் கூடாது. வீட்டு வாசற்கதவின் அருகே, இரவு எல்லாரும் தூங்கும்போது மின்னேற்றம் செய்யாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும்.

செலவுக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 270 வாட்-மணி என்பது கால் யூனிட்டுக்குச் சற்று மேல். யூனிட் 8 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஒரு முழு மின்னேற்றத்துக்கு இரண்டரை ரூபாய். அதாவது கிலோமீட்டருக்குப் பத்துப் பைசாவை ஒட்டி. ஆனால் பாட்டரி தேய்கிறதே! 500 முறை முழுதாக ஏற்றி இறக்கியபின் அதன் கொள்ளளவு வெகுவாகக் குறைந்துவிடும் எனக் கொள்வோம். அதற்குள் 12,500 கிலோமீட்டர் ஓடியிருக்கும். புதிய பாட்டரி 12,000 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 96 பைசா. மின்சாரச் செலவைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு! விளம்பரங்கள் பத்துப் பைசாவைப் பெரிதாக அச்சிடும். 96 பைசாவைப் பற்றிப் பேசாது. இரண்டையும் கூட்டினாலும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம். இரவு ஆட்டோவுக்கு 200 ரூபாய் கொடுத்துவந்த நம் இளைஞருக்கு இது பெரும் இலாபமே.

காருக்குள் ஏற்றுதல்

கார் விளம்பரத்தில் "டிக்கியின் கொள்ளளவு 260 லிட்டர்" என்று இருக்கும். மடித்த 20 அங்குலச் சைக்கிள் 80 செ.மீ. நீளம், 65 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம். பெருக்கினால் 208 லிட்டர். அடங்கிவிடும் என்று முடிவு கட்டாதீர்கள். லிட்டர் என்பது தண்ணீருக்குப் பொருந்தும். சைக்கிளுக்கு வடிவம் உண்டு. நீளமான டிக்கி கொண்ட செடான் கார்களில் உள்ளே இடம் தாராளம், வாய் குறுகல். சிறிய கார்களில் வாய் பெரிது, ஆழம் இல்லை.

இதற்கு நான் சொன்ன வழி எளியது. மடித்த அளவுக்கு ஓர் அட்டைப் பெட்டி செய்யச் சொன்னேன். நம் இளைஞர் 20 அங்குல வகைக்கு ஒன்றும், 16 அங்குல வகைக்கு ஒன்றுமாக இரண்டு செய்தார். ஒரு வாரம் ஓட்டிய கார்களிலெல்லாம், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு வைத்துப் பார்த்தார். ஒன்பது கார்களில் பெரிய பெட்டி ஐந்தில்தான் போயிற்று. சிறியது எட்டில் போயிற்று. சாலைக் குழிகளை நினைத்து நான் 20 அங்குலமே நல்லது என்றேன். "குழியைப் பாத்து மெதுவா போயிக்கிறேனுங்க சார். டிக்கியில போகலீன்னா பொழப்பே இல்லீங்களே" என்றார். 16 அங்குலமே வாங்கினார். நானே வாங்குவதானால் இன்றும் 20 அங்குலம்தான் வாங்குவேன். ஆனால் எனக்கு ஒரே கார், அவருக்கோ ஊரிலுள்ள கார் எல்லாம்.

சைக்கிளைத் தூக்குமுன் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். எடை இரண்டு கிலோ குறையும். கையை நீட்டித் தூக்காமல் உடலோடு ஒட்டித் தூக்குங்கள். 18 கிலோ எடையை இடுப்பிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் முதுகுத் தசைகள் தாங்கவேண்டிய திருப்பம், 30 செ.மீ. தூரத்தில் பிடிப்பதைவிட இரு மடங்கு. செயின் இருக்கும் பக்கம் மேலே வரும்படி, பழைய சாக்கு அல்லது போர்வையில் சுற்றி வையுங்கள். பிறர் காரின் விரிப்பில் கிரீஸ் கறை பட்டால், அவர் அடுத்த முறை வேறு டிரைவரைத்தான் கூப்பிடுவார்.

அடுத்தது மிக முக்கியம். சைக்கிளை இறுக்கிக் கட்டுங்கள். கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும்போது உள்ளேயிருக்கும் 20 கிலோ சைக்கிளும் அதே வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் 2,780 ஜூல். அது 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காம் மாடியிலிருந்து, விழும் சைக்கிளின் ஆற்றலுக்குச் சமம். கார் மோதி பத்தில் ஒரு வினாடியில் நின்றால், அந்தச் சைக்கிளைப் பிடித்து நிறுத்த 3,300 நியூட்டன் விசை வேண்டும். கட்டாவிட்டால் அவ்விசையைக் கொடுக்கப்போவது முன்னால் அமர்ந்திருப்பவரின் முதுகு! பின் இருக்கையை மடக்கிவிட்டு அங்கே சைக்கிளைக் கிடத்துபவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். டிக்கியில் வைத்தாலும், இருக்கையின் முதுகோடு இடைவெளியின்றி ஒட்டி வைத்து, டிக்கியிலுள்ள கொக்கிகளில் பட்டையால் கட்டுவதே சரி. இடைவெளி இருந்தால் கார் நின்றபிறகும் சைக்கிள் ஓடிவந்து இடிக்கும். நியூட்டனின் முதல் விதி டிக்கிக்குள்ளும் செல்லும்.

பாட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். கண்ணாடி வழியே ஒளி உள்ளே நுழைகிறது. சூடான இருக்கைகள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்கள் அதே கண்ணாடி வழியே எளிதில் வெளியேறுவதில்லை. சூடேறிய காற்றும் அடைபட்டுக் கிடக்கிறது. வெளியே 38 பாகை செல்சியஸ் என்றால் உள்ளே 60-ஐத் தொடலாம். லித்தியம் கலங்களின் ஆயுளை அந்தச் சூடு தின்றுவிடும். சூடான பாட்டரியை உடனே மின்னேற்றமும் செய்யக்கூடாது. நிழலில் ஆறவைத்துப் பிறகு செய்யவேண்டும். விமானத்தில் கொண்டுபோகலாமா என்று சில மாணவர்கள் கேட்கலாம். பயணிகள் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பாட்டரியை எடுத்துச்செல்ல விமான விதிகள் இடம் தருவதில்லை. நமது 270 வாட்-மணி காரோடு நின்றுகொள்ள வேண்டியதுதான்.

டிக்கிக்குள் போகாதவர்கள் காரின் பின்புறத்தில் தாங்கி மாட்டி அதில் தொங்கவிடுகிறார்கள். மேற்கூரைத் தாங்கி மின்சைக்கிளுக்குப் பொருந்தாது. 20 கிலோவைத் தலைக்குமேல் தூக்குவது சிரமம், காற்றுத் தடையும் கூடும். பின்புறத் தாங்கியில் எண்பலகையும் பின்விளக்குகளும் மறையக்கூடாது. அதோடு ஏற்றப்பலகைத் தத்துவமும் அங்கே வேலை செய்கிறது. பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொள்ளுங்கள். முன் அச்சு 2.4 மீட்டர் முன்னால் இருக்கிறது. சைக்கிள் 1 மீட்டர் பின்னால் தொங்குகிறது. 20 கிலோ சைக்கிள், முன் சக்கரங்களின் மீதுள்ள சுமையில் 20-ஐ 2.4-ஆல் வகுத்த அளவை, அதாவது 8.3 கிலோவைக் குறைத்துவிடும். பின் அச்சின் மீது 20 கிலோ அல்ல, 28.3 கிலோ கூடும். காரைத் திருப்புவதும், பிரேக்கின் பெரும்பகுதியைத் தாங்குவதும் முன் சக்கரங்கள் என்பதை மறவாதீர்கள்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. இதே காரில் 8 கிலோ எடையுள்ள தாங்கியும் 20 கிலோ மின்சைக்கிள்கள் இரண்டும் அதே 1 மீட்டர் தூரத்தில் தொங்கினால், முன் சக்கரங்களின் சுமை எவ்வளவு குறையும்? இரு பாட்டரிகளையும் (ஒவ்வொன்றும் 2 கிலோ) கழற்றி, முன் இருக்கையின் கீழே, முன் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் வைத்தால் விடை எப்படி மாறும்? காரின் ஹெட்லைட் ஒளி எந்தப் பக்கம் சாயும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.